பெண்களைக் கண்டால் நின்றுவிடும் எஞ்சின்

எஞ்சின் மூன்றாவது தடவை நின்றபோது நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். வாய்க்குள் இல்லை, நன்றாகவே கத்தினேன். கேட்பதற்கு யார் இருந்தார்கள்? என் படகில் வந்த பெண்கள் எல்லோரும் அந்த நேரத்தில் தண்ணீருக்கு அடியில் சங்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டீசல் எஞ்சின் ஓடுகிற வரைக்கும் அதன் சத்தம் காதில் ஏறாது. நின்றால்தான் அது இல்லாதது தெரியும். அந்த அமைதியில், ஒவ்வொருத்தியாக மேலே வந்து அடக்கிய மூச்சை விசில் மாதிரி விடுவது கேட்டது. முதல் விசில் பக்கத்தில். அடுத்தது கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. அவர்கள் எங்கேயும் போகவில்லை. நான்தான் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தேன். அவர்கள் இடுப்பில் ஈயக்கட்டி, கையில் நிறைந்த வலை. ஏற்றிக்கொள்ள வேண்டிய படகோ பாறைகளைப் பார்த்துச் சும்மா மிதந்து போகிறது. அந்தப் பயம் அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். டீசல் தளும்பத் தளும்ப இருந்தது. கைப்பம்பை நாலு இழுப்பு இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி எஞ்சின் பிடித்துக்கொண்டது. திரும்பிப் போய் எல்லோரையும் ஏற்றினேன். "சனியனே, கரைக்கு வா, உன்னை வெச்சுக்கறேன்" என்று வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

என் பெயர் மல்சூன். வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் 'போதும் பொண்ணு' என்று வைப்பார்களே, அந்த மாதிரிப் பெயர். ஜெஜு தீவின் தென்கரையில் எங்கள் ஊர். கடலில் மூழ்கிச் சங்கும் நத்தையும் கடல் அட்டையும் எடுப்பது இங்கே பெண்கள் வேலை. நானும் மூழ்கியவள்தான். காதுச் சவ்வு கிழிந்த பிறகு மேலே வந்து சுக்கானைப் பிடித்தேன். படகு மீனவர் சங்கத்துடையது, ஓட்டுவது நான். எனக்கு முன்னால் ஓட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்கள் காலத்திலும் எஞ்சின் நின்றிருக்கிறது. அப்போது அதற்குப் பெயர் எஞ்சின் கோளாறு. என் காலத்தில் நின்றால் மட்டும் பொம்பளைக் கோளாறு.

துறைமுகத்தில் சங்கத் தலைவர் கோ இன்பே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். தூண்டில் படகுக்காரன் எவனோ கண்டுவிட்டு போன் பண்ணியிருக்கிறான்.

"மறுபடியும் நின்னுடுச்சாமே?" என்றார்.

"நின்னுது. இப்ப ஓடுது. பாத்துட்டுத்தானே இருக்கீங்க."

"இங்க ஓடும் மல்சூன். நீ தனியாப் போனாலும் ஓடும். பொம்பளைங்க ஏறினா மட்டும் நின்னுடுது. பாவம், அதுக்குக் கூச்ச சுபாவம் போல."

சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். நான் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

"உங்களப் பாத்தா எனக்கும்தான் மூச்சு நின்னுடுது தலைவரே. நான் ஊரக் கூட்டிச் சொல்றேனா?"

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. தலைவர் முகம் கறுத்துவிட்டது.

"வாய் மட்டும் இருக்கு. வாயால படகு ஓடாது. இந்த மூழ்கற நாளுங்க முடிஞ்சதும் கூட்டம் போடறேன். அதுக்குள்ள காரணத்தக் கண்டுபிடி. இல்லேன்னா படகை சாங்மின் கிட்டக் குடுத்துட வேண்டியதுதான்."

சாங்மின் அவருடைய மச்சினன் மகன். பூசானில் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு வேலை போய் ஊருக்கு வந்திருந்தான். அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை. தலைவர்தான் அவனுக்கு ஒரு நாற்காலி தேடிக்கொண்டிருந்தார், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னொண்ணு" என்று விரலை நீட்டினார். "எண்பது தாண்டினவங்க இனிமே கரையிலயே உக்காரட்டும். யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்றது நானு."

அவர் விரல் நீட்டியது ஓக்சிம் பெரியம்மாவைப் பார்த்து. எங்கள் பெண்களில் மூத்தவர். படகிலிருந்து கைத்தடியை ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தார். நின்று தலைவரைப் பார்த்தார்.

"இந்தக் கம்பு தரையில நடக்கறதுக்குத்தான் தம்பி. தண்ணிக்குள்ள எனக்குக் கம்பு வேண்டியதில்ல" என்றார். மூட்டுவலி இல்லாத ஒரே இடம் அவருக்குக் கடலடிதான். அது ஊருக்கே தெரியும்.

எங்களுக்கு நாள் கணக்கெல்லாம் நிலாவைப் பார்த்துத்தான். நீரோட்டம் தணிந்த நாட்களில் பெண்கள் மூழ்குவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பலமாகும்போது யாரும் இறங்கமாட்டார்கள். கூட்டம், கல்யாணம், பழைய சண்டை எல்லாம் அந்த நாட்களுக்கென்று சேர்த்து வைத்திருப்போம். ஆக, எனக்குக் கெடு நிலா முற்றுகிற வரைக்கும்.

ஹான் தல்சுவைப் போய் இழுத்து வந்தேன். துறைமுகத்து மெக்கானிக். கை சுத்தமான வேலைக்காரன், ஆனால் படகு கரையில் கட்டியிருந்தால் மட்டுமே ஏறுவான். கட்டை அவிழ்த்தால் அவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும்.

"டீசல் எஞ்சினுக்குச் சாப்பாடு ஒழுங்காப் போச்சுன்னா அது நிக்கவே நிக்காதுக்கா" என்றான். "நிக்குதுன்னா சாப்பாடு போற வழியில கோளாறு. அடைப்பு இருக்கணும், இல்ல தண்ணி கலந்திருக்கணும், இல்ல ஹோஸ்ல எங்கயாவது காத்து இழுக்கணும்."

"பேசாம வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தான், குறை சொல்ல முடியாது. வழக்கம்போல முதலில் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தான். பிறகு பில்டரைக் கழற்றினான். அடியில் ஒரு கரண்டி தண்ணீர் இருந்தது. "இதோ, இதான்" என்று துள்ளினான். புது பில்டர் மாட்டினோம். டேங்கின் அடிச்சகதியை வழித்து எடுத்தோம். இரண்டு நாள் நன்றாக ஓடியது. அடுத்த வடகாற்று நாளில் கடலில் நின்றது. ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, கிளிப்புகளை இறுக்கினான். அப்புறமும் நின்றது. பம்பைப் பிரித்துப் பூட்டினான். துறைமுகத்தில் கட்டிப்போட்டுக் காலையிலிருந்து மதியம் வரை ஓட்டினோம், பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது.

தல்சு கையைத் துடைத்துக்கொண்டான். "எஞ்சின்ல ஒண்ணுமே இல்லக்கா. ஒருவேளை..."

"ஒருவேளை?"

"நீங்க ஆக்சிலேட்டர..."

"நான் ஆக்சிலேட்டர?"

"ஒண்ணுமில்லக்கா. ஒண்ணுமே இல்ல."

அவன் மட்டுமா? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். காற்றுத் தெய்வத்துக்குப் படைத்த தினைச்சோறு போதவில்லை என்றாள் ஒருத்தி. படகின் பெயரை மாற்றச் சொன்னார் ஒருவர். ஓட்டுபவளை மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம், அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். எனக்கு ஒரு காதுதான் கேட்காது, இன்னொரு காது நன்றாகவே கேட்கும்.

அன்று மதியம் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். கோபம் இருந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். நின்றது எல்லாம் வடகாற்று நாட்கள். அலையில் டேங்க் குலுங்குகிறது, சகதி கலங்குகிறது என்று நினைத்திருந்தோம். சகதிதான் போய்விட்டதே. சரி, நின்றபின் மறுபடி ஓட வைத்தது எது? கைப்பம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கைப்பம்புக்கு முன்னால் நான் என்ன செய்தேன்? குச்சி விட்டுப் பார்த்தேன். குச்சி விடுவதற்கு முன்னால்?

மூடியைத் திறந்தேன்.

ஒவ்வொரு தடவையும் திறந்திருக்கிறேன். தல்சுவும் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி முதலில் மூடியைத்தான் திறப்பான். நாங்கள் நோயைத் தேடுவதற்காகச் செய்த காரியமே மருந்தாக இருந்தால்? மருந்தைக் கொடுத்துவிட்டு, 'நோயைக் காணோமே' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நேரே தல்சுவின் கொட்டகைக்குப் போனேன். "நாளைக்கு நீ என்கூட கடலுக்கு வர்ற."

"அய்யோ அக்கா, எனக்குக் கடல் ஆகாதுன்னு தெரியுமில்ல?"

"என்னைப் பகைச்சுக்கிட்டாலும் ஆகாது, அதையும் பாக்கறியா?"

வந்தான்.

மறுநாள் கூட்டத்துக்கு முந்திய கடைசி மூழ்கும் நாள். வடகாற்று. பெண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ரப்பர் உடையை மாட்டிக்கொண்டிருந்தபோதே போய்ச் சொல்லிவிட்டேன். "இன்னைக்கு எஞ்சின் நிக்கும். நிக்கணும்னுதான் போறேன். நின்னு, ஏன் நின்னுதுன்னு தெரியற வரைக்கும் ஒருத்தரும் தண்ணியில இறங்கக் கூடாது. எப்பவும் போல ஏறி, எப்பவும் போல உக்காருங்க. ஒரு நாள் வேலை போச்சுன்னு யாராவது நினைச்சா வீட்டுக்குப் போகலாம்."

பெண்களின் தலைவி பூன்ஹீ முகக்கண்ணாடியைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "சாங்மின் படகுல தினம் தினம் போறதுக்கு, உன் படகுல ஒரு நாள் சும்மா உக்காரலாம். வாங்கடி."

எல்லோரும் ஏறினார்கள். தல்சுவும் ஏறினான், தூக்கு மேடைக்குப் போகிற மாதிரி.

எங்கள் ஊரில் போகிற வழியில் பேசக் கூடாத பேச்சு என்று உண்டு. படகைக் குறை சொல்லக் கூடாது, கடலைக் குறை சொல்லக் கூடாது. குமட்டுகிறது, நாறுகிறது, பயமாக இருக்கிறது, எதுவும் கூடாது. கெட்ட வார்த்தை முதலில் கடலுக்குள் இறங்கும், ஆள் அதற்குப் பின்னால் இறங்குவாள் என்று நம்பிக்கை. ஆனால் தல்சுவைக் கேலி செய்யலாம், அதற்குத் தடை இல்லை. துறைமுகச் சுவரைத் தாண்டியதுமே அவன் பச்சையாகிவிட்டான். "மாப்பிள்ளைக்கு மசக்கை", "ஆரஞ்சு உரிச்சுக் குடுங்கடி, முதல் மாசம் போல" என்று படகே அமர்க்களப்பட்டது.

தீவுப்பாறையிலிருந்து கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டேன். எஞ்சினை ஓடவிட்டேன். காத்திருந்தோம். கேலி தீர்ந்துபோய் எல்லோரும் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். ஓடிக்கொண்டே இருந்தது. பாழாய்ப்போனது இன்றைக்கென்று நிற்காமல் போய்விடுமோ என்று எஞ்சின் மூடியையே முறைத்துக்கொண்டிருந்தேன். நிற்காவிட்டால் கூட்டத்தில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்புறம் சத்தம் மெலிந்தது. ஒருமுறை விக்கியது. மறுபடி ஏறியது. மறுபடி விக்கி, ஒரு உதறு உதறிவிட்டு நின்றது.

அவ்வளவு வாந்தியிலும் தல்சுவின் கை பழக்கத்தில் நேரே டேங்க் மூடிக்குப் போனது. பளாரென்று அந்தக் கைமேல் ஒன்று வைத்தேன்.

"தொடாத!"

"அக்கா, டீசல் இருக்கான்னு..."

"டீசல் இருக்கு. காதை இங்க வை."

அவன் குனிந்தான். நான் மூடியை மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திருகினேன். உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. மூடி என் கையை விட்டு வர மாட்டேனென்று அடம்பிடித்தது. பிறகு பொட்டென்று விட்டுக்கொடுத்தது.

தல்சுவுக்கு வாந்தி மறந்துபோனது. "காத்து இழுக்குது! டேங்க் காத்து இழுக்குதுக்கா!"

"பின்ன? எண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா என்ன ஆகும்?"

"விக்கி விக்கி நின்னுடும்."

"அதேதான். எஞ்சின் டீசலக் குடிக்கக் குடிக்க, காலியான இடத்துக்குக் காத்து வரணும். வரல. பம்பு எவ்வளவு இழுத்தாலும் டேங்க் விட மாட்டேங்குது. நாம மூடியத் திறந்ததும் சரியாயிடுது. கண்டுபிடிக்கறேன் பேர்வழின்னு ஒவ்வொரு தடவையும் நாமளே சரி பண்ணிட்டு, எஞ்சின்ல ஒண்ணுமில்லன்னு கைய விரிச்சிருக்கோம்!"

டேங்குக்குக் காற்று போவதற்கென்றே ஒரு குழாய் உண்டு. அது பின்பக்கத்துப் பலகை இருக்கைக்கு அருகில் முடிகிறது. அந்த மூலையில் ஓக்சிம் பெரியம்மா உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் எழுந்திருங்க பெரியம்மா."

அவர் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த, வலை கட்டுகிற மிதவையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "இது என் இடம்" என்றார்.

அவர் இடம்தான். பின்மூலை மூத்தவளுக்கு. வடகாற்றைத் தவிர வேறு காற்று அடிக்காத, தண்ணீர் தெறிக்காத மரியாதை இருக்கை. அவர் அதை விட்டு எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தால், இனிமேல் கரைதான் என்று அவரே சொன்ன மாதிரி. மற்றவர்களும் 'இங்கே வாருங்கள்' என்று கூப்பிட மாட்டார்கள், அது அவமானம். நான் அவர் காலடியில் மண்டியிட்டு மிதவைக்குக் கீழே கையை விட்டேன். குழாயின் வாய் விரலுக்கு அகப்பட்டது. அதற்குள் ஏதோ இறுகச் செருகியிருந்தது.

பிடுங்கினேன். மாசிபத்திரித் தழை. எங்கள் பெண்கள் முகக்கண்ணாடியில் ஆவி படியாமல் தேய்ப்பதற்கு ஆளுக்கொரு கொத்து கொண்டுவருவார்கள். அந்தத் தழையை உருண்டையாகக் கசக்கி, பழைய ரப்பர் உடையின் துண்டில் சுற்றி, தக்கை மாதிரி அடித்திருந்தது. தண்ணீர்கூடப் புகாது. காற்று எங்கே புகும்?

அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நீங்களா?" என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது. "பெரியம்மா, நீங்க எல்லாரும் கடலுக்கு அடியில இருக்கீங்க, நான் மேல ஆத்தோட போற கட்டை மாதிரி போறேன்! பாறையில மோதியிருந்தா? யாராவது ஏற முடியாமப் போயிருந்தா? என்ன காரியம் பண்ணியிருக்கீங்க!"

"நாறுது" என்றார் அவர்.

பெண்கள் மூழ்கும் முன் அப்படியொரு வார்த்தையை அந்தப் படகில் யாரும் சொன்னதில்லை.

"வடகாத்து அடிச்சா டீசல் நாத்தம் நேரா என் மூஞ்சியில. வயிறு புரட்டிட்டுக் கீழ போனா மூச்சு பாதியில அறுந்துடும். எத்தனை நாள் அறுந்து மேல வந்திருக்கேன் தெரியுமா? போற வழியில சொல்லக் கூடாது. இடம் மாறவும் கூடாது. நான் என்னதான் பண்ண? அடைச்சேன். கரைக்கு வந்ததும் எடுத்துக் கடல்ல போட்டுடுவேன். ஏறினப்ப எப்படி இருந்துதோ அப்படியே விட்டுட்டு இறங்கறதுதானே முறை? அதுக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாரு கண்டா?"

"கரையிலயாவது என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"தலைவர் கிட்டச் சொன்னேனே. போன வருஷம் படகைப் புதுப்பிச்சப்பவே சொன்னேன். டீசல் நாறாம ஆரஞ்சுப் பூவா மணக்கும்னு கேட்டுச் சிரிச்சான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னே அந்தக் குழாய் என் தோள் உயரத்துக்கு நின்றது. இன்னும் இரண்டு பேர் உட்காரலாம் என்று இருக்கையை நீட்டச் சொன்னவர் தலைவர். குழாய் இடிக்கிறது என்று குட்டையாக வெட்டச் சொன்னவரும் அவர்தான். மூத்தவளின் மூக்குக்கு நேர் கீழே வெட்டிவைத்துவிட்டு, இப்போது அவளைக் கரையில் உட்கார வைக்கிறாராம்.

தல்சு வாயைத் துடைத்துக்கொண்டான். "எப்படியோ, கண்டுபிடிச்சாச்சு. கூட்டத்துல பெரியம்மா பேரச் சொல்லிட்டா படகு உங்களுக்குத்தான்."

அதைச் சொன்னால் பெரியம்மாவுக்கு என்ன ஆகும் என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் புரிந்திருந்தது. பூன்ஹீ என்னையே பார்த்தாள். நான் கைப்பம்பை இழுத்து எஞ்சினைக் கிளப்பினேன். அதற்கப்புறம் அன்றைக்கு ஒரு விக்கலும் இல்லை. பெண்கள் இறங்கினார்கள், பெரியம்மாவும் இறங்கினார். அவருடைய விசில் எல்லாவற்றையும்விட நீளமாக வந்தது.

கூட்டத்தில் இடம் போதாமல் வாசல் வரை நின்றார்கள். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"மல்சூன், காரணம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. டேங்குக்குக் காத்து போற குழாய் அடைபட்டுது. அடைப்ப எடுத்தாச்சு. தல்சு கூட இருந்தான், கேட்டுக்குங்க."

"யாரு அடைச்சா?"

"அடைபட்டுது."

"தானாவா?"

"குழாய வெட்டி, உக்காந்திருக்கறவங்க மூக்குக்குக் கீழ வெச்சது யாருன்னு கேளுங்க, அந்தப் பேரச் சொல்றேன்."

கசமுசாவென்று பேச்சு எழுந்தது. தலைவர் மேஜையைத் தட்டினார். "கேட்ட கேள்விக்குப் பதில். பேரச் சொன்னா படகு உன்கிட்ட இருக்கும். இல்லேன்னா இப்பவே சாங்மினுக்கு."

எனக்கு அந்தப் படகு என்றால் உயிர். காது போனபின் கடலில் எனக்கென்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார என்னால் ஆகாது. எல்லாம் தெரிந்துதான் சாவியை மேஜைமேல் வைத்தேன்.

"இந்தாங்க. பேரு கிடைக்காது."

பின்னாலிருந்து கைத்தடி தரையில் தட்டுகிற சத்தம். ஓக்சிம் பெரியம்மா எழுந்து நின்றிருந்தார்.

"எதுக்குடி என்னை ஒளிச்சு வைக்கற? நான் என்ன திருடினேனா? நான்தான் அடைச்சேன். நாறினா அடைக்காம என்ன பண்ணுவாங்க? தெரியாம அடைச்சேன், அது தப்பு, ஒத்துக்கறேன். நாறுதுன்னு சொன்னப்ப சிரிச்சதும் தப்பு, அதையும் ஒத்துக்கச் சொல்லு."

தலைவருக்கு ஒத்துக்கொள்கிற பழக்கம் இல்லை. முகம் மலர்ந்துபோயிற்று அவருக்கு. "கேட்டீங்களா எல்லாரும்? இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். நாளையிலருந்து இந்தம்மா கரையில. மல்சூன், உன்மேல தப்பில்ல. சாவிய எடுத்துக்கோ."

சாவி அங்கேயே கிடந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். நான் எடுத்தேன். எடுத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"பெரியம்மா ஏறாத படகு துறைமுகத்த விட்டு நகராது."

"அப்ப சாங்மின் ஓட்டுவான்!"

"ஓட்டட்டும்" என்றாள் பூன்ஹீ உட்கார்ந்த இடத்திலிருந்தே. "யாரை ஏத்திட்டுப் போவான்? உங்களையா?"

தலைவர் கூட்டத்தை முடித்துவிட்டு எழுந்து போனார்.

நீரோட்டம் மறுபடி தணிந்த முதல் நாள் காலை, நான் புதுக் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே போகிற நீளம், நுனி கீழ்நோக்கி வளைந்தது. பெண்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஓக்சிம் பெரியம்மா பின்மூலையில், அவர் இடத்தில். தலைவர் சாங்மினைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சங்கத்துச் சொத்துல கைய வைக்கற."

"ஆமா" என்றேன். கிளிப்பை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

"அந்தம்மாவ இறக்கு."

"நீங்களே வந்து இறக்குங்க."

ஒரு காலைப் படகு விளிம்பில் வைத்தார். பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை, சும்மா பார்த்தார்கள். அவர் கால் தானாகவே கரைக்குத் திரும்பியது. ஆனால் வாய் திரும்பவில்லை.

"சரி, போங்க. இன்னைக்கும் எஞ்சின் நிக்கும். நடுக்கடல்ல நின்னா என்ன பண்ணுவீங்க? ம்? என்ன பண்ணுவீங்க?"

ஓக்சிம் பெரியம்மா முகக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீந்தி வருவோம்" என்றார். "நாங்க என்ன வேலை பாக்கறோம்னு நெனச்சிட்டிருக்க, இன்பே?"

துறைமுகமே சிரித்தது. தூண்டில் படகுக்காரர்கள் சிரித்தார்கள், வலை காயப்போட்டவர்கள் சிரித்தார்கள், தல்சு கொட்டகை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் எஞ்சினைக் கிளப்பினேன்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் சாங்மின். "கயிறு கால்ல மாட்டிக்கும்."

குனிந்து கட்டை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி என் கைக்கு எறிந்தான்.